யாகோன் தண்டை வெட்டி நட்டு செடி பெருக்குவது எப்படி? (சர்க்கரைவள்ளி, மரவள்ளி, ஓக்காவுக்கும் சேர்த்து)

யாகோன் என்பது தென் அமெரிக்காவிலிருந்து வந்த, சாப்பிடக்கூடிய ஒரு கிழங்குப் பயிர். அதன் கிழங்கு ஒன்று கையில் கிடைத்ததும் பெரும்பாலானவர்கள் அதை அப்படியே மண்ணில் புதைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றிக் காத்திருக்கிறார்கள். உருளைக்கிழங்கு முளைக்கிறதே, இது மட்டும் முளைக்காதா என்ற நினைப்பு. முளைக்காது, அழுகத்தான் செய்யும். நாம் சாப்பிடும் அந்தப் பழுப்பு நிறக் கிழங்கு வெறும் பருத்த வேர். அதில் முளைக்கக்கூடிய மொட்டு ஒன்றுகூடக் கிடையாது.

முழுச் செடியைத் தோண்டி எடுத்தால் விஷயம் புரிந்துவிடும். தண்டு மண்ணுக்குள் இறங்கும் தூரைச் சுற்றி, சிவப்பும் ஊதாவும் கலந்த நிறத்தில், இஞ்சித் துண்டு மாதிரி முண்டும் முடிச்சுமாக ஒரு கொத்து இருக்கும். அதுதான் விதைக்கிழங்கு. மொட்டெல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அதற்கும் கீழே தொங்குபவை சாப்பிடுகிற கிழங்குகள். யாகோனின் தாயகமான ஆண்டீஸ் மலைப்பகுதியில் இந்தத் தூரைத் துண்டு போட்டுத்தான் காலம் காலமாக நட்டு வருகிறார்கள், ஏனென்றால் செடி பூத்தாலும் முளைக்கிற விதை பிடிப்பது அபூர்வம்.

சரி, தூர் இருந்தால் துண்டு போட்டு நடலாமே, தண்டு எதற்கு? ஒரே ஒரு தூர்தான் இருக்கிறது, அதிலிருந்து நிறையச் செடி வேண்டும் என்றால் தண்டுத்துண்டுதான் வழி. தூரில் இருந்து வரும் இளம் முளைகளை வெட்டி வெட்டி வேர்விட வைக்கலாம், வெட்டிய இடத்திலிருந்து தூர் மறுபடியும் முளைவிடும். இன்னொரு லாபம், மண்ணில் இருக்கும் நூற்புழுவும் அழுகல் கிருமியும் தூரோடு ஒட்டிக்கொண்டு வருவதுபோலத் தண்டோடு வருவதில்லை.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்

ரோஜா, செம்பருத்தி போன்றவற்றை வெட்டி நட்டுப் பழகியவர்கள் வேர் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். கிழங்குப் பயிரில் அது பாதி வேலைதான். கிழங்கு எதிலிருந்து உருவாகிறது என்று பார்க்க வேண்டும், அதைப் பொறுத்துத்தான் துண்டின் எந்தப் பகுதி மண்ணுக்குள் போக வேண்டும் என்பது முடிவாகிறது.

யாகோன், சர்க்கரைவள்ளி, மரவள்ளி, டாலியா ஆகியவற்றில் கிழங்கு என்பது பருத்த வேர். உருளை, ஓக்கா, உல்லுக்கோ, மாஷுவா (இவை மூன்றும் ஆண்டீஸ் மலைக் கிழங்குப் பயிர்கள்), சிறுகிழங்கு, ஜெருசலேம் ஆர்ட்டிசோக் (சூரியகாந்தி இனத்தைச் சேர்ந்த ஒரு கிழங்குச் செடி) ஆகியவற்றில் கிழங்கு என்பது பருத்த தண்டு, அதாவது மண்ணுக்குள் இருக்கும் கணுவில் இருந்து ஒரு கிளை ஓடி அதன் நுனி பருத்து வருவது. இந்த இரண்டாம் வகையில் கணுவே புதையாமல் வெறும் தண்டுப் பகுதி மட்டும் மண்ணுக்குள் இருந்தால், வேர் வரும், இலை செழிக்கும், கிழங்குக்கு மட்டும் கதவு அடைபட்டிருக்கும். குறைந்தது ஒரு கணு, முடிந்தால் இரண்டு, மண்ணுக்குள் போகட்டும்.

முதல் வகைக்குக் கணு புதைய வேண்டியதில்லையா என்றால், அதற்கும் வேண்டும், காரணம்தான் வேறு. யாகோனிலும் டாலியாவிலும் வேர் பருத்துக் கிழங்கு ஆகிவிடும், ஆனால் அடுத்த பருவத்துக்கு முளைக்கிற மொட்டு, மண்ணுக்குள் இருந்த கணுவில் இருந்துதான் வர வேண்டும். அது இல்லாமல் வளர்ந்த டாலியா, ஒரு பருவம் அழகாகப் பூத்து, கொழுத்த கிழங்கும் வைத்து, அடுத்த முறை முளைக்காமல் ஏமாற்றும். சர்க்கரைவள்ளி மட்டும் விதிவிலக்கு. அதுவும் வேர்தான் என்றாலும் தன் மேலேயே புதிதாக மொட்டு உண்டாக்கிக்கொள்ளும் சாமர்த்தியம் அதற்கு உண்டு, அதனால்தான் சமையலறை மூலையில் மறந்துபோன சர்க்கரைவள்ளி தானாக முளைவிடுகிறது.

எதையெல்லாம் தண்டு வெட்டி வளர்க்க முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கேரட், பீட்ரூட், முள்ளங்கி ஆகியவற்றின் தலையை வெட்டித் தண்ணீரில் வைத்தால் இலை வரும், பூகூட வரலாம், இன்னொரு கேரட் வராது. இணையத்தில் சுற்றும் வீடியோக்கள் அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் காட்டுவதில்லை. இஞ்சி, மஞ்சள், சேம்பு, சேனை ஆகியவற்றில் வெளியே தெரிவது உண்மையான தண்டே அல்ல, இலையின் உறையோ காம்போதான். அதை வெட்டி நடுவதில் பயன் இல்லை, கிழங்கைத்தான் துண்டு போட வேண்டும்.

தூரை எழுப்புவது

யாகோனுக்குக் கிழங்கு பெருக ஆறேழு மாதமாவது இதமான வெப்பம் வேண்டும், உறைபனி பட்டால் மேலே உள்ள செடி கருகிவிடும். எனவே குளிர் முடியும் முன்பே தூரை எழுப்பிவிட்டால் நல்லது. அகலமான தொட்டியில் ஈரமான தென்னை நார்க்கழிவோ மணல் கலந்த மண்ணோ போட்டு, தூரை அதில் முக்கால்வாசி புதையும்படி வையுங்கள். வெப்பம் 18 முதல் 22 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும். முளை வரும்வரை தண்ணீரில் கை அடக்கம் வேண்டும், ஏனென்றால் இலை இல்லாத தூர் தண்ணீரை உறிஞ்சப்போவதில்லை, தேங்கி நிற்கும் ஈரம் அழுகலைத்தான் கூட்டி வரும்.

முளைகள் 8 முதல் 12 சென்டிமீட்டர் உயரம் வந்ததும் வெட்டலாம். இந்த வயது முக்கியம். யாகோன் தண்டு வளர வளர உள்ளே குழல் மாதிரி கூடாகிவிடும், அப்படிக் கூடான தண்டை வெட்டி வைத்தால் அந்தக் குழலுக்குள் ஈரம் தங்கி, வேர் வருவதற்குள் அடி அழுகிவிடும். வளர்ந்த செடி மட்டும்தான் இருக்கிறது என்றால் அடித்தண்டை விட்டுவிட்டு, பக்கக் கிளைகளின் நுனியை எடுங்கள். விரலால் அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும், நசுங்கினால் வேண்டாம்.

வெட்டுவது

கூரான கத்தியோ பிளேடோ போதும். கத்தரிக்கோல் இளந்தண்டை நசுக்கிவிடும். ஒவ்வொரு தாய்ச்செடிக்கும் இடையில் கத்தியை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடையுங்கள், இதைச் சோம்பேறித்தனத்தில் விட்டுவிட்டால் ஒரு செடியின் வைரஸ் எல்லாச் செடிக்கும் போய்விடும்.

காலையில், இலைகள் விறைப்பாக இருக்கும் நேரத்தில் வெட்டுங்கள். வெயிலில் வாடிய முளையை வெட்டினால் அது தன் நீர்க்கடனை அடைக்க முடியாமலேயே செத்துப்போகும். முளை தூரோடு சேரும் இடத்தில், தூரின் சின்னத் துணுக்கு ஒன்றும் கூடவே வரும்படி வெட்டினால் வேர் சீக்கிரம் வரும், மொட்டும் கூடவே வந்துவிடும். ஆனால் ஒரு தூரில் இருந்து அடுத்தடுத்து நிறைய முளை எடுக்கத் திட்டம் இருந்தால் துணுக்கோடு வெட்டாதீர்கள், அடியில் ஒரு கணுவைத் தூரிலேயே விட்டுவிட்டு அதற்கு மேலே வெட்டுங்கள். அந்தக் கணுவில் எதிரெதிராக இரண்டு மொட்டு இருக்கும், ஒன்றை வெட்டிய இடத்தில் இரண்டு முளை வர வாய்ப்பு உண்டு. பொறுமை இருப்பவர்களுக்கு இந்த இரண்டாவது வழிதான் என் சிபாரிசு.

வெட்டிய துண்டின் அடி, ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே முடியட்டும். மொத்தம் இரண்டு மூன்று கணு இருந்தால் தாராளம். அடிக்கணுவின் இலைகளைக் கிள்ளிவிடுங்கள், காம்பு உரிந்து தண்டில் காயம் படாமல். மேலே இருக்கும் இலைகளில் பெரியதாக இருப்பதைப் பாதியாக வெட்டிவிடுங்கள். யாகோன் இலை அகலமானது, வேர் இல்லாத துண்டால் அவ்வளவு இலைக்குத் தண்ணீர் கொடுக்க முடியாது. புதியவர்கள் தயங்குவது இந்த இடத்தில்தான், பச்சை இலையை வெட்ட மனசு வராது. வெட்டுங்கள். நுனியில் இருக்கும் குருத்தை மட்டும் தொட வேண்டாம்.

வேர் ஊக்கிப் பொடி வேண்டுமா என்று கேட்டால், இளம் முளைக்குத் தேவையில்லை. கொஞ்சம் முற்றிய கிளை நுனியாக இருந்தால் லேசாகத் தொட்டு, அதிகமானதைத் தட்டிவிட்டு நடலாம். தேன், பட்டைத்தூள் வைத்தியங்களை நம்பிக்கொண்டு சுத்தத்தில் கோட்டை விடாதீர்கள்.

வேர்விட வைப்பது

துண்டை வைக்கும் கலவையில் சத்து இருக்கக் கூடாது, காற்று இருக்க வேண்டும். தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, கரடுமுரடான மணலோ பெர்லைட்டோ (எடை குறைந்த வெள்ளைத் துகள்) ஒரு பங்கு, அவ்வளவுதான். தொழு உரம், மண்புழு உரம் எதுவும் இப்போது வேண்டாம், வெட்டுக்காயத்துக்குப் பக்கத்தில் அவை கிருமிகளுக்குத்தான் விருந்து. கலவையைக் கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி சொட்ட வேண்டும், அதற்கு மேல் சொட்டினால் ஈரம் அதிகம்.

குச்சியால் குழி போட்டு, துண்டை அதில் இறக்கி, அடிக்கணு உள்ளே போனதை உறுதி செய்துவிட்டு, சுற்றி விரலால் லேசாக அழுத்துங்கள். துண்டையே குச்சியாக்கிக் குத்தி இறக்கினால் அடி நசுங்கிவிடும். அப்புறம் மேலே ஒரு மூடி. அடி வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்க்கலாம், தொட்டியோடு சேர்த்துப் பாலித்தீன் பை மாட்டலாம், இலை பையில் ஒட்டாமல் இருந்தால் சரி. நேரடி வெயில் படாத, ஆனால் நல்ல வெளிச்சம் உள்ள இடம். மூடி போட்டதை வெயிலில் வைத்தால் உள்ளே வெந்துவிடும். 20 முதல் 25 டிகிரி வெப்பம் பொருத்தமானது. தினமும் ஒருமுறை மூடியைத் திறந்து சில நிமிடம் காற்றாட விடுங்கள், உதிர்ந்த இலை இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள், பூஞ்சணம் அதில்தான் ஆரம்பிக்கும்.

முதல் ஓரிரு நாள் துண்டு தலை தொங்கி நிற்கும். பயப்பட வேண்டாம், கூடுதல் தண்ணீரும் ஊற்ற வேண்டாம். யாகோனில் இரண்டு மூன்று வாரத்தில் வேர் பிடித்துவிடும். பிடித்ததா என்று பார்க்க தினமும் பிடுங்கிப் பார்க்கும் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். குருத்து நகர்ந்து புது இலை விரிகிறது, லேசாக இழுத்தால் பிடிமானம் தெரிகிறது என்றால் வேர் வந்துவிட்டது. அடி கறுத்து வழவழப்பாகிவிட்டால் அந்தத் துண்டு முடிந்தது. நுனி இன்னும் கெட்டியாக இருந்தால் கறுப்புக்கு நன்றாக மேலே வெட்டிப் புதுக் கலவையில் இன்னொரு வாய்ப்புக் கொடுக்கலாம்.

தண்ணீரில் வைத்தும் வேர்விடலாம், சர்க்கரைவள்ளிக்கும் ஓக்காவுக்கும் அது சுலபம். ஆனால் தண்ணீரில் வந்த வேர் நொறுங்கும் தன்மை கொண்டது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளம் வந்ததுமே மண்ணுக்கு மாற்றிவிடுங்கள், கொத்தாக வளரும்வரை ரசித்துக்கொண்டு இருக்க வேண்டாம்.

வேர் வந்த பிறகு மூடியை ஒரே நாளில் எடுத்துவிடக் கூடாது. ஒரு வாரம் போல, முதலில் கொஞ்ச நேரம், பிறகு பகல் முழுக்க, பிறகு இரவும் என்று பழக்குங்கள். அதன் பிறகுதான் வெயில், அதுவும் காலை வெயிலில் இருந்து.

மற்ற பயிர்களில் எங்கே வித்தியாசம்

சர்க்கரைவள்ளிக்கு மேலே சொன்ன மூடியும் கலவையும் எதுவும் வேண்டாம், இந்தக் கூட்டத்திலேயே சுலபமானது அதுதான். 20 முதல் 30 சென்டிமீட்டர் நீளத்தில் நுனிக்கொடி வெட்டி, இலையோடு ஓரிரு நாள் நிழலில் போட்டு வைத்தால் கணுக்களில் வேர் எட்டிப் பார்க்கும், அப்படியே நேராக நிலத்தில் மூன்று நான்கு கணு புதையும்படி நட்டுவிடலாம். தொட்டியில் வேர்விட்டு மாற்றி நடுவதை இதற்கு நான் விரும்புவதில்லை. தொட்டிக்குள் சுருண்ட வேர் பிறகு பருத்தாலும் சுருண்டபடியே பருக்கும், முறுக்கிய கிழங்குதான் கிடைக்கும். வளர்ந்த பிறகு ஓடும் கொடி வழியெல்லாம் வேர்விட்டுச் சின்னச் சின்னக் கிழங்கு வைக்கப் பார்க்கும், அவ்வப்போது கொடியைத் தூக்கி நகர்த்திவிட வேண்டும்.

மரவள்ளிக்கு எல்லாமே தலைகீழ். இளந்தண்டு வேண்டாம், முற்றிய தண்டு வேண்டும். எட்டு மாதத்துக்கு மேல் வளர்ந்த நோயில்லாத செடியின் தண்டில், மெலிந்த நுனியையும் கட்டைபோல் முற்றிய அடியையும் தள்ளிவிட்டு, நடுப்பகுதியை 15 முதல் 20 சென்டிமீட்டர் கரணையாக நறுக்குங்கள். ஒரு கரணையில் எட்டுப் பத்துக் கணு இருக்கும். வெட்டுவாய் சிதையாமல் வட்டமாக, சீராக இருக்கட்டும், சுற்றிலும் ஒரே மாதிரி வேர் வரும். இதில் அடிக்கடி நடக்கும் தவறு கரணையைத் தலைகீழாக நடுவது. இலை உதிர்ந்த தழும்பும் அதற்கு மேலே மொட்டும் இருக்கும், மொட்டு தழும்புக்கு மேல்பக்கம் வர வேண்டும், அதைப் பார்த்து நட்டால் குழப்பம் இல்லை. குவியலாக வெட்டும்போதே எல்லாக் கரணையையும் ஒரே திசையில் அடுக்கிவிட்டால் இன்னும் நல்லது.

ஓக்கா, உல்லுக்கோ, மாஷுவா மூன்றும் ஆண்டீஸ்காரர்கள்தான், தண்டு மென்மையானது, வேர்விடத் தயங்காது. ஓக்காவில் நேரக் கணக்கு ஒன்று இருக்கிறது. பகல் நேரம் பன்னிரண்டு மணிக்குக் கீழே குறையும்போதுதான் அது கிழங்கு வைக்கத் தொடங்கும். அதற்குள் செடி எவ்வளவு பெரிதாக வளர்ந்திருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் கிழங்கு. கோடைக் கடைசியில் வெட்டி நட்ட துண்டிலும் கிழங்கு வரும், கோலிகுண்டு அளவில். சாப்பிட உதவாது, அடுத்த முறை விதைக்கு உதவும்.

சிறுகிழங்கிலும் நுனிக்கொடிதான். விதைக்கிழங்கை நாற்றங்காலில் நெருக்கமாக நட்டு, வளர்ந்து வரும் நுனிகளைக் கிள்ளி நிலத்தில் நடுவார்கள். உருளையில் வெளிச்சத்தில் முளைவிட்ட கிழங்கின் முளைகளைப் பிரித்து எடுத்து வேர்விட வைக்கலாம், ஒரே கிழங்கில் இருந்து பல செடி கிடைக்கும். வயதான உருளைச் செடியின் தண்டில் நேரம் செலவழிக்க வேண்டாம். வள்ளிக்கிழங்குக் (சர்க்கரைவள்ளி அல்ல, யாம் வகை) கொடிகளும் கணுவோடு வெட்டி வைத்தால் வேர்விடும், ஆனால் முதல் பருவத்தில் குட்டிக் கிழங்கோடு நின்றுவிடும், அதை விதையாக வைத்து அடுத்த பருவத்தில்தான் முழுக் கிழங்கை எதிர்பார்க்க வேண்டும். டாலியாவுக்கு யாகோன் முறை அப்படியே பொருந்தும், இரண்டும் சூரியகாந்திக் குடும்பம்.

நிலத்துக்கு மாற்றுவது

யாகோன் ஆளுயரம் வளரும், சில சமயம் அதையும் தாண்டும், அதனால் செடிக்குச் செடி 60 முதல் 90 சென்டிமீட்டர் இடைவெளி. மண் பொலபொலப்பாக இருக்க வேண்டும், இறுகிய மண்ணில் கிழங்கு வளைந்து, எடுக்கும்போது உடையும். மேட்டுப்பாத்தி வசதி. துண்டு தொட்டியில் இருந்த மட்டத்தைவிட ஒரு கணு ஆழமாக நடுங்கள், அதில் இருந்து தூர் நன்றாக விரியும். நட்ட உடன் மூடாக்கு போட்டுவிட்டால் ஈரம் நிற்கும், களையும் குறையும். தழைச்சத்தை அள்ளிக் கொட்டினால் இலைதான் மிஞ்சும். முதல் ஆண்டில், தண்டுத்துண்டில் இருந்து வந்த யாகோன், பெரிய விதைக்கிழங்கில் இருந்து வந்த செடியைவிடக் கொஞ்சம் பின்தங்கித்தான் இருக்கும், கையிருப்புச் சத்து இல்லாமல் தொடங்கியதுதான் காரணம்.

வைரஸ் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் தண்டு வெட்டி நடும் முறையின் பெரிய பலவீனம் இதுதான். தாய்ச்செடியில் இருக்கும் வைரஸ் ஒவ்வொரு துண்டிலும் இருக்கும். மரவள்ளித் தேமல் நோயை வெள்ளை ஈ பரப்புகிறது என்றாலும், நோயுள்ள கரணையை நாமே நட்டுப் பரப்புவதும் அதற்குக் குறைவில்லை. இலையில் மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாகக் கலந்து, சுருங்கி, சிறுத்துத் தெரியும் செடியில் இருந்து எதையும் வெட்டாதீர்கள். சத்துக் குறைபாடாகவும் இருக்கலாமே என்று தோன்றும். இருக்கலாம், ஆனாலும் சந்தேகம் உள்ள செடியைத் தாய்ச்செடியாக வைக்காதீர்கள். அசுவினியும் வெள்ளை ஈயும் இலையின் அடிப்பக்கத்தில் இருக்கின்றனவா என்று வெட்டுவதற்கு முன் திருப்பிப் பாருங்கள். மூடிக்குள் போய்விட்டால் அவற்றுக்குக் கொண்டாட்டம்.

அறுவடைக்குப் பிறகு யாகோன் தூரைக் காயவிடாமல், லேசாக ஈரமான மணலிலோ நார்க்கழிவிலோ, உறைபனி எட்டாத குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். வெளியே போட்டால் ஒரு வாரத்திலேயே சுருங்கிவிடும். மாதம் ஒருமுறை கிளறிப் பார்த்து அழுகிய பகுதியை வெட்டி எறியுங்கள். சர்க்கரைவள்ளியில் அந்தக் கவலையும் வேண்டாம், குளிர் தொடங்கும் முன் இரண்டு மூன்று நுனிக்கொடியை வெட்டி ஒரு தொட்டியில் நட்டு வெளிச்சமான ஜன்னல் ஓரம் வைத்தால் போதும், நீண்டு வளர்ந்து அசிங்கமாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, வெப்பம் திரும்பியதும் அந்த நீளத்தைத்தானே வெட்டி நடப்போகிறோம்.